முள்ளம்பன்றி கேட்ட பன்னிரண்டு சொற்கள்

அந்த வீட்டில் கடிதம் என்பது ஒருவருக்கு மட்டும் வருகிற பொருள் அல்ல. காலையில் ரொட்டி வாட்டும் வாசனை கிளம்பியதுமே மாப்பிள்ளை கூடத்துக் கணினியின் முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, குடும்பத்துக்கு இருந்த ஒரே மின்னஞ்சல் விலாசத்தைத் திறப்பார். திறந்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். செய்தி வாசிப்பவர்கள் தோற்றுப்போகும் குரலில் ஒவ்வொன்றாகப் படிப்பார். அவர் மனைவியின் அலுவலகச் சுற்றறிக்கை, மாமியாருக்குத் தையல் மெஷின் கடைக்காரர் அனுப்பிய விளம்பரம், மாமனாரின் ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் ஒரே ஏற்ற இறக்கத்தில் வரும். போன மாதம் மாமனாரின் கொழுப்பு அளவை அவர் வாசித்த கம்பீரத்தில் எதிர்வீட்டு ஜன்னல் மூன்றும் திறந்துகொண்டன. அன்றிலிருந்து எதிர்வீட்டுக்காரர் மாமனாரைத் தெருவில் கண்டால் நலம் விசாரிப்பதில்லை. "வெண்ணெயைக் குறைச்சிட்டீங்களா?" என்றுதான் கேட்கிறார்.

இந்த மாமனாருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: பிழையார். முப்பத்தெட்டு வருடம் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். அச்சுக்குப் போகும் தாளில் பிழை பார்த்துச் சிவப்பு மையில் வட்டம் போடுவது வேலை. அவர் போட்ட வட்டங்களை எல்லாம் அவிழ்த்து நூலாக நீட்டினால் பூமியை ஒன்றரைச் சுற்றுச் சுற்றலாம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள்; அவர் காதில் விழுந்தால் ஒன்றேமுக்கால் என்று திருத்துவார். ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயவில்லை. மருந்துச் சீட்டு, தண்ணீர் வராத நாள் பற்றிய அறிவிப்பு, எதையும் விட்டுவைக்கவில்லை. 'நாய் உள்ளது எச்சரிக்கை' என்று பக்கத்து வீட்டுக் கதவில் தொங்கிய பலகையில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியைச் சேர்க்கப்போய், உள்ளே இருந்த நாயிடம் கடியும் வாங்கியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட பிழையாருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவருடைய அக்காவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அக்கா அவரோடு பேசிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

மாப்பிள்ளை வழக்கம்போலச் செருமினார். "'தம்பிக்கு. உனக்கு ஒண்ணு எழுதணும். ஆனா குடும்பமே கூட்டமா உக்காந்து கேக்கிற இந்த விலாசத்துக்கு எழுத மாட்டேன். நீ மட்டும் படிக்கிற மாதிரி ஒரு விலாசம் இருந்தா அனுப்பு.' அவ்வளவுதான் மாமா. கீழ ஒரு வரி இருக்கு…" என்று இழுத்தவர் காது சிவந்துபோனார்.

"என்னவாம்?"

"'இதையும் உங்க மாப்பிள்ளைதான் சத்தமா வாசிச்சிட்டிருப்பார். நல்லா இருங்க மாப்பிள்ளை'ன்னு எழுதியிருக்காங்க."

ரொட்டி கருகியது. யாரும் எழுந்து போகவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. அக்காவின் கணவர் இறந்த மாதம், அக்கா தம்பிக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினார். பிழையார் அதை அலுவலக மேசையில் வைத்துப் படித்தார். கையில் சிவப்புப் பேனா இருந்தது. கை தன்பாட்டுக்கு வேலை பார்த்தது. படித்து முடித்ததும் இரண்டு பக்கம் பதில் எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். மூன்று நாள் கழித்து மேசைக் குவியலுக்கு அடியில் அந்தப் பதில் அப்படியே கிடந்தது. உறைக்குள் போயிருந்தது அக்காவின் கடிதம், சிவப்பு வட்டங்களோடு. போன் செய்தார், அக்கா எடுக்கவில்லை. நேரில் போனார், கதவு திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினார். உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது, அவருடைய பெயரைச் சுற்றிப் பெரிய சிவப்பு வட்டத்தோடு.

"இன்னிக்கே விலாசம் அனுப்பணும்," என்றார் பிழையார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டினார், மறுபடி கழற்றினார். "பதினொரு வருஷம் கழிச்சு மனசு இறங்கியிருக்கா. சாயங்காலத்துக்குள்ள மனசு மாறிட்டா என்ன பண்றது?"

அவருடைய மனைவி வீட்டிலேயே துணி தைப்பவர். வாயில் மூன்று குண்டூசியோடும் தெளிவாகப் பேசக்கூடியவர். "பதினொரு வருஷம் இருந்தவங்க பதினஞ்சு நாள் இருக்க மாட்டாங்களா? ஏதாவது ஒண்ணைத் திறங்க. உங்களுக்கு நீங்களே நாலு மெயில் போட்டுப் பாருங்க. மூடுங்க, திறங்க. பாஸ்வேர்டை மறந்துபோங்க, மறுபடி திறக்குதான்னு பாருங்க. அப்புறம் அவங்களுக்குச் சொல்லலாம்."

"வேணும்னு யாராவது மறப்பாங்களா?"

"நீங்க வேணும்னு மறக்க வேணாம். சும்மா இருந்தாலே போதும்."

இந்த அம்மாள் ஒரு குடை வாங்குவதற்கு நாலு மழைக்காலம் எடுத்துக்கொண்டவர். முதல் மழைக்காலம் முழுக்க நனைந்து, உடம்பில் எந்தப் பக்கம் முதலில் நனைகிறது என்று கண்டுபிடித்தார். இரண்டாவதில் தெரிந்தவர்களின் குடைகளை இரவல் வாங்கிப் பார்த்தார். மூன்றாவதில் கடைக்காரர் இவரைக் கண்டதும் குடையை விரித்து அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பழகியிருந்தார். நாலாவதில் வாங்கிய குடைக்கு இப்போது வயது பத்தொன்பது. ஒரு கம்பி வளையவில்லை. பிழையார் அதே பத்தொன்பது வருடத்தில் இருபத்தாறு குடை வாங்கி இருபத்தேழு தொலைத்தார். ஒன்று மாப்பிள்ளையுடையது.

ஆகவே மனைவி சொன்னதைக் காதில் வாங்காமல், பிழையார் அன்று காலையே களத்தில் இறங்கினார்.

முதலில் அகப்பட்டது ஆந்தைப் படம் போட்ட சேவை. 'முனையிலிருந்து முனை வரை பாதுகாப்பு' என்று எழுதியிருந்தது.

"எந்த முனை மாப்பிள்ளை?"

"உங்க முனை ஒண்ணு மாமா. உங்க அக்கா முனை ஒண்ணு."

"அப்ப நடுவுல?"

"நடுவுல யாரும் இல்ல."

"யாரும் இல்லாம எப்படிப் போய்ச் சேரும்?"

மாப்பிள்ளை யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கும் தெரியாமல் போனது. பிழையார் ஆந்தையில் பெட்டி திறந்து அக்காவுக்கு எழுதினார்: 'அக்கா, இது என் விலாசம்.' அனுப்பிய கையோடு, ஆந்தை இரவில் விழித்திருந்து எல்லாவற்றையும் பார்க்கும் பறவையாயிற்றே என்று சந்தேகம் வந்தது.

இரண்டாவது, பூட்டுப் படம் போட்டது. 'உங்கள் கடிதங்களைப் பற்றி எங்களுக்குப் பூஜ்ய அறிவு' என்று பெருமையடித்திருந்தார்கள். கடிதத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை என்பதை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை விளக்கினார். பிழையாருக்கு ஒப்பவில்லை. "அறிவு பூஜ்யம்னு தன்னைத்தானே சொல்லிக்கிறவன்கிட்ட அக்காவோட கடுதாசியைக் கொடுக்கிறதா?" ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை பெட்டியைத் திறந்து, 'அக்கா, முந்தையதை நீக்கவும். இதுவே இறுதி' என்று அனுப்பிவிட்டிருந்தது.

மூன்றாவது, முள்ளம்பன்றி. அது பெட்டியைத் திறந்து கொடுத்ததும் திரையில் பன்னிரண்டு சொற்களைக் காட்டியது. 'கடவுச்சொல் தொலைந்தால் இந்தப் பன்னிரண்டு சொற்கள் மட்டுமே உங்கள் பெட்டியைத் திறக்கும். இப்போதே எழுதி வைத்துக்கொள்ளவும். இவை மீண்டும் காட்டப்பட மாட்டா.' பிழையார் நாட்குறிப்பை எடுத்து, சுவரில் செதுக்குகிற மாதிரியான தன்னுடைய கையெழுத்தில் எழுதிக்கொண்டார். குதிரை, பவளம், எண்ணெய், மேகம், கறுப்பு, ஏணி, பதற்றம், சன்னல், நத்தை, சில்லறை, ஆணி, வெல்லம். எழுதும்போது மூன்று முறை 'சை' என்று சொன்னதை மனைவி கேட்டார். எதற்கென்று அப்போது கேட்டிருக்கலாம். குண்டூசி வாயில் இருந்தது.

அக்காவுக்குப் போயிற்று: 'திருத்திய இறுதி.'

அதோடு நிறுத்தினாரா? முள்ளம்பன்றியைக் காட்டிலும் கேடயம் உறுதியாகத் தெரிந்தது. கேடயத்தைக் காட்டிலும் கோட்டை. கோட்டையில் சேருமுன் 'நீங்கள் மனிதர்தானா?' என்று கேட்டு ஒன்பது சிறு படங்களைக் காட்டினார்கள். மிதிவண்டி இருக்கும் கட்டங்களைத் தொட வேண்டுமாம். பிழையார் அதில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை மாப்பிள்ளையின் தயவில் மனிதரானார். மூன்று நாளில் ஏழு பெட்டிகள். ஏழு விலாசங்களும் அக்காவுக்குப் போயின. கடைசியானதன் தலைப்பு: 'இறுதியின் இறுதி, இதற்குமேல் மாற்றம் இல்லை.' ஏழு கடவுச்சொற்களையும் ஒரே தாளில் எழுதினார். தொழில் தர்மம் விடவில்லை. அவற்றை அழகாக அகர வரிசைப்படுத்தினார். எது எந்தப் பெட்டியினுடையது என்பது அந்த வரிசைக்குள் கரைந்துபோயிற்று.

நாலாம் நாள், ஏழாவது பெட்டிக்கு அக்காவின் பதில் வந்தது. அந்தப் பெட்டி நல்ல வேளையாகத் திறந்தே இருந்தது.

'தம்பி, ஏழு விலாசம் வந்தது. நீ மாறவே இல்ல. மூணாவது வந்த அன்னிக்கே அதுக்கு எழுதி அனுப்பிட்டேன். இங்க வேற யாரும் பாக்கக்கூடாதுன்னு என்கிட்ட இருந்ததையும் அழிச்சிட்டேன். அதை இன்னொரு தடவை எழுத என்னால ஆகாது. படிச்சிட்டுப் பதில் போடு.'

பிழையார் முள்ளம்பன்றிக்கு ஓடினார். அகர வரிசைத் தாளிலிருந்து ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்தார். தவறு. இன்னொன்று. தவறு. ஐந்தாவது தவறோடு திரையில் இருந்த முள்ளம்பன்றி பந்தாகச் சுருண்டுகொண்டது. முள்தான் தெரிந்தது, முகத்தைக் காணோம். அடியில் எழுத்து ஓடியது: 'பன்னிரண்டு சொற்களை உள்ளிடவும். நாளொன்றுக்கு மூன்று முயற்சிகள். முப்பது நாள்களுக்குள் திறக்கப்படாத பெட்டி உள்ளடக்கத்தோடு அழிக்கப்படும்.'

'நாட்கள்' என்று எழுதாமல் 'நாள்கள்' என்று எழுதியிருந்ததில் அந்த நெருக்கடியிலும் அவருக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. நாட்குறிப்பைத் திறந்து பன்னிரண்டு சொற்களையும் அடித்தார்.

'பொருந்தவில்லை.'

இன்னும் மெதுவாக அடித்தார். பொருந்தவில்லை. இன்னும் பலமாக அடித்தார். மேசையில் இருந்த தம்ளர் நகர்ந்ததே தவிர, முள்ளம்பன்றி நகரவில்லை.

எட்டு நாள் இப்படிப் போனது. உதவி கேட்டு அந்தச் சேவைக்கு எழுதினார். மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது: 'உங்கள் கடிதங்களை எங்களாலும் திறக்க இயலாது என்பதே எங்கள் சிறப்பு.'

"இவங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது," என்றார் பிழையார். "அப்புறம் யாருக்காகத்தான் பத்திரமா வச்சிருக்காங்க?"

"பேசாம அக்காகிட்டயே சொல்லிடுங்களேன்," என்றார் மகள்.

"என்னன்னு சொல்றது? 'உன் முதல் கடுதாசியைத் திருத்தினேன், ரெண்டாவதைத் தொலைச்சேன்'னா? 'வந்தது, நிதானமா எழுதறேன்'னு மட்டும் போட்டிருக்கேன். 'சரி'ன்னு ஒரு வார்த்தை வந்தது. அந்த 'சரி'யை எட்டு விதமாப் படிச்சுப் பாத்துட்டேன். எட்டுமே சரியில்ல."

குற்றம் விசைப்பலகையில்தான் என்று ஒன்பதாம் நாள் காலையில் முடிவுக்கு வந்தார். அதைக் கணினியிலிருந்து பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வால் மாதிரி கம்பி பின்னால் இழுபட, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த அச்சுக் கடைக்கு நடந்தார். வழியில் மூன்று பேர் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் முப்பது பேருக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் கடையை நடத்தியவர் பதிப்பகத்தில் இருபது வருடம் எழுத்து அடித்துக் கொடுத்த டைப்பிஸ்ட் அம்மா. பிழையார் போட்ட சிவப்பு வட்டங்களில் பாதி இவர் தலையில் விழுந்தவை. இப்போது சொந்தக் கடை. விலாச அட்டை, ரசீதுப் புத்தகம், அறிவிப்புத் தாள். உள்ளே ஒட்டும் இயந்திரத்தின் சூடும், வெட்டிய தாளின் தூசியும், மை வாசனையுமாக இருந்தது. வாசல் பலகையில் 'அச்சு வேலைகள் சிறந்த முரையில் செய்து தரப்படும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"வாங்க சார், வாங்க!" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "பலகையில ஒரு தப்பு இருக்கு. அண்ணாந்து பாக்காம நேரா உள்ள வந்துடுங்க."

"முறை…"

"தெரியும் சார். ரெண்டு வருஷமாத் தெரியும். அதைச் சொல்றதுக்குன்னே பத்துப் பேர் உள்ள வர்றாங்க. வந்தவங்க சும்மா போறதில்ல. கையில என்ன, கீபோர்டா? நடைப்பயிற்சிக்குக் கூட்டிட்டு வந்தீங்களா?"

பிழையார் எல்லாவற்றையும் சொன்னார். டைப்பிஸ்ட் அம்மா விசைப்பலகையைத் தன் கணினியில் செருகி, எல்லா எழுத்தையும் அடித்துப் பார்த்து, பழுதில்லை என்று கழற்றி வைத்தார். பிறகு நாட்குறிப்பை வாங்கிப் பன்னிரண்டு சொற்களையும் படித்தார். ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். முகத்தில் மெல்ல மெல்ல ஓர் ஆனந்தம் பரவியது. இருபது வருடம் காத்திருந்தால்தான் அப்படி ஓர் ஆனந்தம் வரும்.

"சார், ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. திரையில இருந்ததை நீங்க அப்படியே பாத்து எழுதினீங்களா? இல்ல, பிழை பாத்து எழுதினீங்களா?"

பிழையார் நாட்குறிப்பைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

"தப்பா இருந்ததை…" என்றார் கடைசியில், "திருத்தாம எப்படிம்மா எழுதறது?"

டைப்பிஸ்ட் அம்மா சிரித்த சிரிப்பில் தாள் வெட்டும் இயந்திரம் தானாக ஒரு முறை வெட்டியது. "முள்ளம்பன்றிக்கு அந்தப் பிழையேதான் வேணும் சார்! அது கொடுத்த தப்பை அப்படியே திருப்பிக் கொடுத்தாத்தான் திறக்கும். என்ன தப்பு இருந்துச்சு, சொல்லுங்க."

பிழையார் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தார். எத்தனை நினைத்தாலும் சரியான சொற்களே வரிசையாக வந்து நின்றன. அவர் கண் அப்படிப் பழகியது. பிழையைக் கண்ட கணத்திலேயே விழுங்கிவிடும்.

"நீங்க நினைச்சுப் பாத்துப் பிரயோசனம் இல்ல. பிழைன்னா என்னைக் கேளுங்க," என்று டைப்பிஸ்ட் அம்மா பென்சிலை எடுத்தார். "குதிரையில தப்புப் பண்ண முடியாது. ஆணியில முடியாது. பவளத்தை 'பவழம்'னு போடுவாங்க. எண்ணெய், ஊருக்கே 'எண்ணை'தான், இது உறுதி. கறுப்புல சின்ன 'ரு' போடுவாங்க. பதற்றத்தை 'பதட்டம்'னுதான் நானே முந்நூறு தடவை அடிச்சிருக்கேன், முந்நூறு வட்டம் வாங்கியிருக்கேன். சன்னலை 'ஜன்னல்'னு போடுவாங்க. சில்லறைக்குச் சின்ன 'ரை'. ஆறு சொல்லு சார். இதுல எதை எல்லாம் தப்பாப் போட்டிருந்தான்னு உங்களுக்கும் உங்க முள்ளம்பன்றிக்கும்தான் வெளிச்சம்."

வீட்டில் பிழையாரின் மனைவி எல்லாவற்றையும் கேட்டார். குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துப் பஞ்சில் குத்தினார். அவர் அப்படிச் செய்தால் காரியம் பெரிது என்று அர்த்தம். பித்தான் டப்பாவைக் கவிழ்த்து, ஆறு வெள்ளைப் பித்தானும் ஆறு கறுப்புப் பித்தானும் பொறுக்கினார்.

"வெள்ளைன்னா சரி, கறுப்புன்னா தப்பு. ஆறு சொல்லு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு விதம். மொத்தம் அறுபத்து நாலு வரிசை வரும். எல்லாம் வெள்ளைங்கிறதை நீங்க எட்டு நாளா அடிச்சு ஓஞ்சிட்டீங்க. மிச்சம் அறுபத்து மூணு. ஒரு நாளைக்கு மூணுன்னா இருபத்தோரு நாள். பெட்டிக்கு இன்னும் இருக்கிறது இருபத்திரண்டு நாள்."

"ஒரு நாள்தான் மிச்சமா?"

"ஒரு நாள் தாராளம். அவசரப்படாம இருந்தா."

மறுநாள் காலை அந்த அம்மாள் குளித்துவிட்டு வருவதற்குள் பிழையார் மூன்று முயற்சியையும் தீர்த்துவிட்டிருந்தார். கேட்டால், எதை எதை அடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. "கறுப்புக்குச் சின்ன ரு போட்டேன்னுதான் நினைக்கிறேன். ஆனா விரல் தானாப் பெரிய று போட்டிருச்சோன்னும் தோணுது. அப்புறம் ஜன்னலா சன்னலான்னு பாக்கிறதுக்குள்ள…"

மனைவி திட்டவில்லை. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே பித்தான்களை மறுபடி முதலிலிருந்து அடுக்கினார். "தாராளமா இருந்த நாள் போச்சு," என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து சட்டம் மாறியது. காலைச் சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மாள் மேசையில் ஆறு பித்தான் வைப்பார். பிழையார் பார்த்து அடிப்பார். அம்மாள் பின்னால் நின்று எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, தப்பு சரியாக இருந்தால் மட்டும் தானே பொத்தானை அழுத்துவார். பிழையாருக்கு அது பாதகம் செய்கிற மாதிரி இருந்தது. முதன்முதலாக 'பதட்டம்' என்று அடித்த அன்று எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். 'எண்ணை' அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திருட்டு முழி முழிக்காதீங்க. எண்ணைதானே அடிக்கிறீங்க," என்றார் மனைவி.

மூன்று தவறும் தீர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. அடுத்த நாள்வரை ஒன்றும் செய்வதற்கில்லை. இதுதான் பிழையாரைக் குழப்பியது. முப்பத்தெட்டு வருடத்தில் அவர் பார்த்த எந்தப் பிழையும் அவரைக் காத்திருக்கச் சொன்னதில்லை. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தார். கேடயத்தைத் திறக்கப்போய்க் கோட்டையைத் திறந்தார். கோட்டையில் ஒரே ஒரு மின்னஞ்சல் இருந்தது, பிறந்தநாள் வாழ்த்து. அது அவருடைய பிறந்தநாளும் அல்ல. எந்த அவசரத்தில் எந்தத் தேதியைக் கொடுத்தாரோ!

கடைசி நாள், கடைசி முயற்சி, கடைசிப் பித்தான் என்று சொல்ல யாருக்கும் நாக்குத் துடிக்கத்தான் செய்யும். ஆனால் முள்ளம்பன்றி திறந்தது பித்தான் வைக்கத் தொடங்கிய பதின்மூன்றாம் நாள், இரண்டாவது முயற்சியில். கறுப்புப் பித்தான்கள் மூன்று: கருப்பு, பதட்டம், சில்லரை. திரையில் பந்து மெல்ல அவிழ்ந்து, ஒரு சின்ன மூக்கு வெளியே வந்தது.

செய்தியைப் போனில் கேட்ட டைப்பிஸ்ட் அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "எண்ணெயைச் சரியாப் போட்டிருந்தானா? எண்ணெயவே சரியாப் போட்டவன் சில்லறையில எப்படிச் சார் கோட்டை விட்டான்? இந்தத் தொழில்ல ஒரு ஒழுங்கே இல்லாமப் போச்சு!"

பெட்டிக்குள் ஒரே ஒரு கடிதம் இருந்தது. மாப்பிள்ளை ஏதோ எடுக்க வந்தவர் போல அந்தப் பக்கம் வந்தார். "மாமா, கண்ணாடி போடலையே நீங்க. வேணும்னா முதல் வரி மட்டும் நான்…"

"மாப்பிள்ளை!" என்ற மாமியாரின் ஒரு சொல்லில் அவர் மாடிக்குப் போய்விட்டார். அந்த அம்மாளும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனார். அது சாதாரணமாக இரண்டு பேர் தூக்குகிற மெஷின்.

பிழையார் கதவைச் சாத்திவிட்டுப் படித்தார்.

'தம்பி, போன மாசம் கண் ஆப்ரேசன் ஆச்சு. பார்வை தெளிஞ்சதும் முதல் வேலையா அலமாரியை ஒழிச்சேன். நீ திருப்பி அனுப்பின என்னோட அந்தக் கடுதாசி கிடைச்சது. இத்தனை வருஷமா அதை நான் முழுசாப் பிரிச்சதில்ல. உன்னோட சிகப்பு வட்டத்தைப் பாத்த உடனே மடிச்சு வச்சிடுவேன். இந்தத் தடவை பிரிச்சுப் பாத்தேன். முதல் பக்கத்துல எட்டு வட்டம். ரெண்டாவதுல ஏழு. மூணாவதுல ஆறு. நாலாம் பக்கத்துல ஒண்ணுகூட இல்ல.

அந்தப் பக்கத்துலதான் அவர் கடைசி நாளைப் பத்தி எழுதியிருந்தேன். அழுதுக்கிட்டே எழுதினது. அதுலதான் தப்பு அதிகம். இப்ப நானே எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு. உன் கண்ணுல ஒண்ணுகூடப் படலையா? அது மட்டும் இல்ல, அந்தப் பக்கத்துல ரெண்டு இடத்துல மை கலைஞ்சிருக்கு. நான் எழுதி முடிச்சு உறையில போடும்போது கலையல. ஏன்டா தம்பி? நிதானமாச் சொல்லு. அவசரம் இல்ல.'

பிழையார் மேலிருந்து இன்னொரு முறை படித்தார். 'சிகப்பு' என்று இருந்தது. 'ஆப்ரேசன்' என்று இருந்தது. இரண்டும் கண்ணில் பட்டன. கை மடியிலேயே கிடந்தது.

அன்று பதில் எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. மனைவி கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் காலை, கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்தார்.

'அக்கா, நாலாம் பக்கத்தில் எனக்கு எழுத்தே தெரியவில்லை. கண் மறைத்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் படித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பதில் எழுதினேன், உறையில் மாற்றிப் போட்டுவிட்டேன். அந்தப் பதில் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம் பதட்டமாக இருக்கும், திரும்ப வைத்துவிடுவேன். கேட்டால் அனுப்புகிறேன். கேட்கும்வரை காத்திருக்கிறேன்.'

ஒரு முறை படித்தார். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றியது. அனுப்பினார்.

மற்ற ஆறு பெட்டிகளையும் மூடிவிடலாம் என்று மனைவி சொன்னார். எதை எதை மூடினோம் என்று தெரியாமல் பூட்டை இரண்டு முறை மூடப்போய், ஆந்தை இன்னும் எங்கேயோ விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. முள்ளம்பன்றியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு சொற்களையும் மனைவி தன் கையால் எழுதி, மூன்று பிழையோடு, பித்தான் டப்பாவின் அடியில் வைத்தார்.

அடுத்த நாள் ரொட்டி வாட்டுகிற நேரத்தில் முள்ளம்பன்றி மூக்கை நீட்டியது. அக்காவிடமிருந்து வந்திருந்தது.

'அனுப்பு. அந்த ரெண்டு பக்கத்தையும் அப்படியே தபால்ல அனுப்பு, புதுசா எழுதி அனுப்பாதே. அப்புறம், பதட்டம் இல்லடா. பதற்றம். ரெண்டாம் பக்கம், மூணாவது வட்டம்.'

பிழையார் அதைப் படித்தார். தான் அனுப்பியதைத் திறந்து பார்த்தார். இருந்தது. பதின்மூன்று நாள் முள்ளம்பன்றிக்குத் தீனி போட்ட விரல் அங்கேயும் போட்டிருந்தது. அவர் சிரிக்கத் தொடங்கியதில் மாப்பிள்ளை ரொட்டித் துண்டோடு ஓடி வந்தார்.

"என்ன மாமா? அத்தை என்ன எழுதியிருக்காங்க?"

பிழையார் திரையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"ஒரு பிழை இருந்துச்சாம் மாப்பிள்ளை."

"யாரோடது?"

"என்னோடது," என்றார் பிழையார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தபால் உறை ஒண்ணு இருந்தா கொடுங்க. உள்ள வைக்கிறதை மட்டும் உங்க அத்தை, அதான் உங்க மாமியார், ஒரு தடவை பாத்துட்டு ஒட்டட்டும்."